நாலு அங்குலம்

புருவத்துக்கு மேலே எனக்கொரு பிறை இருக்கிறது.
போன மாசியில்
ஒற்றைக்குண்டு உதைத்த உதைக்குத்
துவக்கின் முதுகில் நான் பூட்டிய பழைய கண்ணாடிக்குழல்
நெற்றியில் குத்திய முத்திரை.
மூன்று தையல்.
பன்றிக்கு ஒன்றுமில்லை.
மரவள்ளியை மென்றபடி அது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதாக
காவல்காரன் பெனடிக்ட் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

ஆகவே கொழும்பு.
மாதம்பையில் ஏறி, கோட்டையில் இறங்கி,
கொம்பனித்தெருவில் சைக்கிள் சாமான் கடைக்கு மேலே
செருப்பைக் கழற்றச் சொல்லும் கடை.
ஃபரீனா ஜுமாட் என் லைசன்ஸை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
தையல் விழாத முகத்தை.
பிறகு என்னை.
"யார் பூட்டினது?"
"நான்தான்."
"தெரியுது."

நான் கேட்டது பெரியது. பதினாறு மடங்கு.
பெட்டியிலே பனிமலையும் கொம்புமானும் போட்டது.
முதலாளி காசு, வாங்கினால் அப்படித்தான் வாங்க வேண்டும்.

அவள் பெட்டியைத் திறக்கவில்லை.
"பன்றி எவ்வளவு தூரத்தில வரும்?"
வரம்பிலிருந்து கிழங்குப் பாத்திவரை
மனதுக்குள் நடந்து பார்த்தேன்.
ஐம்பது எட்டு. மிஞ்சினால் அறுபது.
"அறுபது எட்டில நிற்கிற பன்றிக்கு
நிலவு பார்க்கிற கண்ணாடி எதுக்கு?
மயிர் தெரியும்.
எந்தப் பக்கத்து மயிர் என்று தெரியாது."

ஒன்றரையிலிருந்து நாலு மடங்குவரை போவதொன்றை
லாச்சியிலிருந்து எடுத்துக் கம்பளித் துண்டில் வைத்தாள்.
கட்டை. கறுப்பு. அழகில்லை.
குறுக்குக்கோடு தடிப்பு;
மெல்லிசுக் கோட்டை இருட்டு தின்றுவிடுமாம்.
"உங்கட குண்டு பருத்தது.
நூறு யார் தாண்டினால் மாங்காய் மாதிரி விழும்.
அதுக்கு அங்கால நீங்க பார்க்கலாம்,
சுடக் கூடாது."

கையில் எடுத்தவுடன்
கால் தானாக ஜன்னலுக்குப் போயிற்று.
கீழே பேரை வாவி, பச்சைத் தண்ணீர், ஒரு கூழைக்கடா,
அக்கரையில் யாரோ ஒருத்தி கொடியில் துவாய் விரித்துக்கொண்டு
வில்லையின் வாயை ஃபரீனா உள்ளங்கையால் பொத்தினாள்.
"ஜன்னலால வேண்டாம்."
காரணம் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
இருவருக்கும் அந்த வயதுதான்.
ஒரு வருடம், இதே தெருவில்,
மொட்டைமாடியில் அன்டனா திருப்பிய ஒருவனை
ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.
கூழைக்கடா அப்போதும் இருந்திருக்கும்.

நடைபாதையின் கடைசிச் சுவரில் பேக்கரி கலண்டர்.
அதைப் பார்க்கச் சொன்னாள்.
முதலில் பெரியதில், என் ஆசைக்கு:
பதினாலாம் திகதிக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே
கோடு துள்ளித் துள்ளி விழுந்தது.
"கண்ணாடி நல்லம். அது உங்கட நாடி."
சின்னதில் இரண்டு மடங்கு வைத்தேன்.
பதினேழில் நின்றது,
சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி.

பிறகுதான் அளவுநாடாவை எடுத்தாள்.
என் கண்ணுக்கும் குழலின் விளிம்புக்கும் நடுவே பிடித்து
"நாலு அங்குலம்" என்றாள்.
"தோள் பின்னுக்குப் போகும், துவக்கு கூடவே வரும்,
இந்த வெறும் இடம்தான் உங்கட நெற்றிக்குக் காவல்.
காசு இதுக்குத்தான். மூன்றுக்குக் குறைந்தால்
பிறைக்கு ஜோடி வரும்."
வெறும் இடத்துக்கு நாற்பத்தாறாயிரம்.
பேரம் பேசினேன். திருகாணி சும்மா தந்தாள்.
"ஒரே பெட்டித் தோட்டாவில சுட்டுச் சரிபாருங்க,
பெட்டி மாறினால் குண்டு விழுகிற இடமும் மாறும்."

நாலரை ரயிலில் நாலு அங்குலம் யாருக்கும் இல்லை.
மூக்கில் ஒருவனின் தோள். முழங்கையில் ஒரு கூடை அன்னாசி.
தாயின் தோளில் கிடந்த குழந்தை
என் முகத்துக்கு அவ்வளவு அருகில் இருந்ததால்
கலங்கிய வட்டமாகத்தான் தெரிந்தது.
விரலை நீட்டித் தழும்பைத் தொட்டு
"ஹந்த" என்றது.
அவர்களின் பாஷையில் நிலவு.
தாய் கையை இழுத்துக்கொண்டாள்.
ராகமவில் இறங்கிப் போனார்கள்.

இருக்க இடம் கிடைத்ததும்
சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன்,
நாலு திருகாணியும் இருக்கிறதா என்று.
மூன்று.