ஏறிப்போகும் காசு

வாழைச்சேனையில் அந்த வங்கிக்கு ஏழு படி.
எண்ணிச் சொன்னவன் தம்பி.
தெருவிலிருந்து எனக்குத் தெரிவது ஐந்து,
மிச்சம் இரண்டையும்
காவல்காரரின் கதிரை மறைக்கிறது.

உள்ளேயிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து
தம்பியிடம் கேட்டார்:
‘அக்காவுக்கு என்ன வேணுமாம்?’
அவன் ஆகாயத்தைப் பார்த்தான்.
வரும்போதே பேசி வைத்ததுதான் அது.
நான் சொன்னேன்:
‘அக்காவுக்குக் கடன் வேணும் சேர்.
மிளகாய் அரைக்கிற மெசின்,
மூன்று குதிரைவலு.’

மறுகா வந்தது வழமையான கேள்வி.
சண்டையிலயா? சுனாமியிலயா?
ரெண்டும் இல்லை.
ஏழு வயசில் ஒரு காய்ச்சல்.
கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிப் போகும்.
காய்ச்சலுக்கென்று ஒரு திட்டமும் வரவில்லை,
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.
‘வேறு’ என்று போட்ட கோட்டின் மேல்
இருபத்தெட்டு வருசமாய்க் குடியிருக்கிறேன்.

நாலு பேர் சேர்ந்து தூக்குகிறோம் என்றார்கள்.
நல்ல மனிசர்தான்.
ஆனால்
தூக்கி வைத்த இடத்தில்
பேரம் பேச வாய் வராது.
மூட்டையிடம் யாரும்
வட்டி வீதம் சொல்வதில்லை.

‘உதவிப்பணம் எடுக்கிறீங்கதானே, அது காணாதா?’
காணும் சேர்,
மாசத்தில் ஒன்பது நாளைக்கு.
மற்ற நாளெல்லாம்
பேத்தாழை, கல்குடா, நாசிவன்தீவு என்று
கடை கடையாய்ப் போகிறது என் தூள்.
நூறு கிராம் பைக்கற்.
வாய் ஒட்டுகிறவள் பிறைந்துறைச்சேனை ஜெஸீமா.
அவளுக்குக் காது கேளாது;
கிரைண்டர் போடுகிற கூச்சலில்
தலையிடி எனக்குத்தான்.
வெள்ளிக்கிழமை சம்பளத்தை
என் கண்ணுக்கு முன்னாலேயே ரெண்டு தரம் எண்ணுவாள்.
இரக்கப்பட்டு வைத்திருக்கவில்லை அவளை.
அவள் ஒட்டினால் பிரியாது.

‘சேர், சந்திக் கடையில நீங்க எடுக்கிற
பகல் சாப்பாட்டுப் பார்சல்ல
சிவப்பா இருக்கிறது நான்தான்.’

அவர் தும்மினார்.
என் உடுப்பில் எந்நேரமும் கொஞ்சம் தூள் இருக்கும்.
தும்மிக்கொண்டே இறங்கி வந்து
கடைசிப் படியில் குந்தினார்,
மடியில் ஃபைலை வைத்து.
அவர் மீசையில் நரை இருப்பதை
அன்றைக்குத்தான் கண்டேன்.
‘பிணைக்கு ரெண்டு அரசாங்க உத்தியோகத்தர் வேணும்’ என்றார்
குனிந்தபடி, தன் சப்பாத்திடம் சொல்வதுபோல.

கேட்டது மூன்று லட்சம்.
அலைந்து அலைந்து
வந்தது ஒன்று எண்பது.

அடுத்த வருசம் சாய்தளமும் வந்தது.
திறந்து வைத்தவருக்கு மாலை.
ஆடு ஏறும் அதில்.
நான் ஏறினால்
பின்பக்கமாய் உருண்டு மீன்சந்தையில்தான் நிற்பேன்.
இப்போதைக்கு அதில்
யாரோ ஒருத்தரின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

பதினாறாவது தவணையும் கட்டியாயிற்று.
தம்பி கொண்டுபோவான், ரசீதோடு வருவான்.
உள்ளே குளிருமாம்.
சுவர் நீலமாம்.
இருக்க ஆளில்லாமல்
வரிசையாய்க் கதிரை கிடக்குமாம்.
நானென்றால்
கதிரையைக் கையோடு கொண்டு வருகிறவள்.

மாசம் ஒரு தரம்
என் காசு மட்டும்
ஏழு படியும் ஏறி உள்ளே போகிறது.
அதனிடம் ஒருத்தரும் கேட்பதில்லை,
சண்டையிலயா
சுனாமியிலயா என்று.