கரையில் நிற்கும் பெண்

படம் விட்டு வெளியே வந்தால்
ஊர் முழுக்கப் பரீட்சகர்கள்.
மீசை தடிப்பு எண்டார் சலூன்கார வேலுப்போடி.
நாயகண்ணை பீடி பத்துவது இடக்கையால்,
இவன் வலக்கையால், அதுவும் சிகரெட்,
எண்டு கணக்குத் தீர்த்தான் ஐஸ் கடை நிஹ்மத்.
"கதைக்கிறது" எண்டு வரவேண்டிய இடமெல்லாம்
"பேசுறது" எண்டு வருகுது,
சென்னையில ஒருத்தருக்கும் காது இல்லையோ
எண்டு பாலையூற்றுப் பெடியள்.
அவருடைய மகள் ஜெசிந்தா மட்டும்
அப்பாவின் முதுகு அப்படியேதான் எண்டு
ரெண்டாம் தரமும் டிக்கெட் எடுத்தாள்.

எனக்கு அவரைப் பத்து நிமிடம்தான் தெரியும்.

கடலுக்குள் போனவர்களைத்
தேடி எடுத்துத் தருகிற மனிதர்.
அவரைத் தெரியாமல் இருப்பதுதான்
இந்த ஊரில் அதிர்ஷ்டம்.

படத்தில் அது இடைவேளைக்குப் பிறகு வருகுது.
மழை.
நடிகர் ஓர் உடலைத் தோளில் போட்டு
மெதுவாக, மிக மெதுவாக வருகிறார்.
கரையில் ஒருத்தி அலறி விழுகிறாள்.
அவர் மண்டியிட்டு
"அவன் கடலுக்குப் பிள்ளையா போயிட்டாம்மா" எண்டு
தானும் அழுகிறார்.
தியேட்டர் முழுக்க மூக்குறிஞ்சல்.
பக்கத்துக் கதிரைக்காரி
எனக்கொரு லேஞ்சி நீட்டினாள்.

அண்டைக்கு மழை இல்லை.
உட்துறைமுகத்து வீதியின் தார்
என் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை,
அப்படி ஒரு வெயில்.
வத்தையிலிருந்து கோணலிங்கம் தவறி விழுந்து
ஒரு ராத்திரியும் அரைப் பகலும்.
நான் அலறவில்லை.
அஞ்சு மாதம். வயிறு இடிக்கும் எண்டு
குந்தக்கூட இல்லை.

"தங்கச்சி, அங்கால பாருங்கோ" எண்டார்.
அங்கால பார்த்தேன்.
அங்கால ஒரு மான்
பொலித்தீன் பை ஒன்றைத் தின்றுகொண்டு நின்றது.
திரும்பியபோது
தன் சாரத்தால் மூடியிருந்தார்,
தான் ஈரக் காற்சட்டையோடு.
என் கையை விரிக்கச் சொல்லி எண்ணி வைத்தார்:
நாற்பத்திரண்டு ரூபா. ஒரு சைக்கிள் சாவி.
"சரியோ எண்டு பாருங்கோ,
பிறகு குறைஞ்சு போச்சு எண்டு சொல்லக்கூடாது."

அவ்வளவுதான் அவருக்கு இருந்த வசனம்.
ஆரோ முந்தி அவரைக் கள்ளன் எண்டிருக்க வேணும்.
அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

ஆனால் ஒன்று.
உடலைக் கிடத்திவிட்டு,
கமரா அந்த நடிகையிடம் போக முன்னம்,
திரையின் ஓரத்தில் ஒரு கணம்,
நடிகர் தலையைச் சரித்து
ஒற்றைக் காலில் துள்ளி
காதுக்குள் போன தண்ணியை உதறினார்.

நாயகண்ணையும் அப்படித்தான்.
அவனுக்கும் எனக்கும் நடுவில் நின்று
சின்னப் பெடியன் மாதிரி ரெண்டு துள்ளல்.
அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை,
அந்த நேரம் எனக்குச்
சிரிப்பு வந்தபடியால்.

அது நடிப்போ, தண்ணியோ, தெரியாது.
காதுக்குள் தண்ணி போனால்
ஆரெண்டாலும் துள்ளத்தான் வேணும்.
நானும் புள்ளி போடுவதெண்டால்
தண்ணிக்குத்தான் போடவேணும்.

கடைசியில் பெயர்கள் ஓடின.
"கரையில் நிற்கும் பெண்" எண்டு போட்டு
எதிரே ஆரோ ஒருத்தியின் பெயர்.
வாசிக்க முன்னம் மேலே போய்விட்டது.
எத்தனை தரம் எடுத்தார்களோ,
எனக்காக அலறி அலறித்
தொண்டை கட்டியிருக்கும் பாவம்.
அவளுக்கு ஆர் எண்ணிக் குடுத்தார்கள்,
எவ்வளவு?

வெளியே மதிலில் ஒட்டிய போஸ்டரைப்
பசைமாவுக்காக ஒரு மான் உரித்துத் தின்றது.
வலக்கை போய்விட்டது, சிகரெட்டோடு.
இனி அவர் இடக்கையால்தான் பத்தவேணும்.

ஓட்டோவுக்குள் மகன் காத்திருந்தான்.
தகப்பனின் முதுகு அவனுக்கு வாய்த்திருக்கோ எண்டு
இத்தனை வருசத்தில் நான் பார்த்ததில்லை.
"எப்பிடியம்மா, நல்லா நடிச்சிருக்கிறானோ?"
எண்டு முன்னுக்குப் பார்த்தபடி கேட்டான்.

அண்டைக்கு நல்ல வெயில் எண்டேன்.