நாலு மணி நிழல்

நசூர்தீன் மேசையில் மூன்று துண்டுகளை வைத்தார்:
ஒரு சாண் தேக்கு,
ஒரு சாண் கல்வனைஸ் பைப்,
வெள்ளை பூசிய அலுமினியம் ஒரு சாண்.
"தூக்கிப் பாருங்க" என்றார்,
பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்களின் கையில்
பிள்ளையைக் கொடுப்பது போல.

நான் தேக்கை மணந்து பார்த்தேன்.
குகதாசன் விலையை மணந்து பார்த்தார்.

இரண்டு மாதமாய் வீட்டில் இதுதான் பேச்சு.
அவருக்கு நிலாவெளி ஹோட்டலில் கண்ட மாதிரி வேண்டும்:
வெள்ளைத் தூண், வெள்ளைச் சட்டம்,
கீழே ஒரு வெள்ளைக்காரி
புத்தகத்தை முகத்தில் கவிழ்த்து உறங்குவாள்.
அந்தப் பெண் விலையில் சேர்த்தியில்லை என்றேன்.
ஸ்காபரோவிலிருந்து மச்சாள் தன்னுடையதைப் படம் எடுத்து அனுப்பினாள்,
பனிக்குள் எலும்பு மட்டும் தெரிந்தது.
எனக்கு வேண்டியதை எனக்கே சொல்ல வரவில்லை.
மூடவும் கூடாது,
திறந்தே கிடக்கவும் கூடாது.
"அதுக்குப் பேர் சல்லடை" என்றார் அவர்.

எங்கள் ஒழுங்கை டைக் வீதிக்கு இறங்குகிறது.
கடல் இரண்டு வீடு தள்ளி.
யன்னல் கம்பியைத் தொட்ட விரலை
நாக்கில் வைத்தால் கரிக்கும்.
கேற்றின் பிணைச்சல் எப்போதோ போய்விட்டது,
கறள்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"பைப் அஞ்சு வருஷம்" என்றார் நசூர்தீன்,
நேர்மையான மனிதர்.
"தேக்கு உங்களுக்குப் பிறகும் நிற்கும்."

எங்களுக்குப் பிறகு யார்
என்பது மேசையில்
நாலாவது துண்டாய்க் கிடந்தது.
அதை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை.

தறப்பாளுக்குக் கீழே நான் பதினொரு மாதம் இருந்தேன்.
நண்பகல் நீலமாய் இருக்கும்.
சோறு நீலம், சோற்றைப் பிசையும் கை நீலம்,
கைக்குழந்தைகள் எல்லாம் கிருஷ்ணர்கள்.
அன்றிலிருந்து
அளந்து தரும் நிழலுக்கு
வரிசையில் நிற்க எனக்கு இயலாது.
இது நானாய்த் தெரிந்தெடுக்கும் முதல் கூரை.
அதில் வானம் தெரியட்டும்.

கடைசியில் தூண் தேக்கு, மேற்சட்டம் பைப்.
இருவருக்கும் பாதி பிடிக்கவில்லை.

"சட்டம் கிழக்கு மேற்கா, வடக்குத் தெற்கா?"
அதை யோசிக்கவேயில்லை.
வெய்யிலைக் கேட்டுச் சொல்கிறோம் என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும்
நாலு தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு
வளவுக்குள் நின்றோம்.
கச்சான் காற்று அவருடைய சாரத்தோடு மல்லுக்கட்டியது.
மணிக்கு ஒரு கோடு சுண்ணாம்பால் போட்டேன்.
பத்து மணிக் கோட்டில் அவர் நின்றார்,
இரண்டு மணிக் கோட்டில் சண்டை பிடித்தோம்,
மூன்று மணிக்கு இருவரும் உள்ளே போய்ப் படுத்துவிட்டோம்.

நாலு மணியை ஒருவரும் அளக்கவில்லை.

பந்தல் எழும்பியது.
ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம்,
வெல்டிங் கூலி வேறு.
தூணடியில் கொடித்தோடை நட்டேன், ஐந்து இலை.
இரண்டாம் நாள்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று,
இடக்காது கிழிந்தது,
பூட்ட முடியாத கேற்றால் நுழைந்து
ஐந்தையும் தின்றுவிட்டு
எங்களுக்கு முன்னரே
பந்தலின் நட்டநடுவில் படுத்துக்கொண்டது.

அதை எழுப்ப மனமில்லாமல்
பின்னேரம் தேத்தண்ணியோடு ஓரமாய் வந்தோம்.
நிழலைக் காணவில்லை.
கண் கூசக் கூசத் தேடினோம்.
சரிந்த வெய்யில் பந்தலின் நிழலைத் தூக்கி
மதிலுக்கு அப்பால் வீசியிருந்தது.
பிலோமினா ரீச்சரின் சீமெந்துத் தரையில்
பதினாறு கோடுகள்,
கொப்பித்தாள் மாதிரி.
கோடுகளுக்கு நடுவே கதிரை போட்டு
ரீச்சர் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல குளிர்ச்சி" என்றார் எங்களைப் பார்த்து.
"எவ்வளவு முடிஞ்சது?"
குகதாசன் சொன்னார்,
சதம் விடாமல்.

ரீச்சர் சிரித்த சிரிப்பில்
கத்தி கைதவறிக் கீழே விழுந்தது.
அடுத்த நாள்
எங்கள் கதிரை இரண்டையும்
மதிலுக்கு மேலால் நீட்டினோம், வாங்கி வைத்தார்.

இந்தப் பக்கம்
மான் காதை மட்டும் அசைத்தது.
அதற்கு நாலு மணி வெய்யில்
பிடித்திருந்தது போலும்.