மூன்று நொடிக்கு ஒருமுறை

பெரம்பூரில் ஒரு சின்ன மனநல கிளினிக்.
அதற்கு முன்பதிவுப் படிவம்.
தரமணியில் நான்காவது மாடியில் உட்கார்ந்து செய்தேன்:
பெயர், வயது, பகுதி, கைபேசி,
கடைசியில் ஒரு பெரிய கட்டம்,
‘வரக் காரணம்’.

பூட்டெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன்.
வழியில் யாரும் பிரித்துப் படிக்காதபடி
கம்பி நெடுக உறை.
ஒருமுறை மட்டுமே செல்லும் டோக்கன்.
ஒற்றை மேற்கோளைக் கட்டத்துக்குள் நட்டு
டேபிளையே பிடுங்கப் பார்ப்பவனுக்கும்
வழி அடைத்தாயிற்று.

“பாதியில கரண்ட் போனா?” என்றார் ரொசாரியோ.
நியாயம்தான்.
எழுத எழுதச் சேமிக்கப்
பதினோரு வரி ஜாவாஸ்கிரிப்ட்.
மூன்று நொடிக்கு ஒருமுறை
கேட்காமலே எடுத்துப்போய் சர்வரில் வைத்துவிட்டு வரும்.
நல்ல பிள்ளை.

இரண்டு வாரம் கழித்து
ஏதோ பிழை தேடி
வரைவு டேபிளைத் திறந்தேன்.
மாதவரம். வயது முப்பத்திநாலு.

11:42:06   அவர் என்னை
11:42:09   அவர் என்னை அந்த ரூ
11:42:12   காலி
11:42:15   காலி

மாறாவிட்டாலும் சேமிக்கும், என் சோம்பேறித்தனம்.
இப்படி நாற்பத்திரண்டு காலி.

11:44:18   தலைவலி

சமர்ப்பி.

டாக்டருக்குப் போனது தலைவலி.
எனக்கு வந்தது அந்த ரூ.
ரூமா, ரூபாயா என்று
பறக்கும் ரயிலில் திருமயிலை வரை யோசித்தேன்.
யோசிக்க எனக்கு யார் அனுமதி தந்தது?
உறை, டோக்கன், அடைத்த வழி
எல்லாம் வெளியே நிற்பவனுக்கு.
உள்ளே சாவியோடு
நான் இருந்தேன்.

மறுநாள் மேலே மேலே நகர்த்திப் பார்த்தேன்.
வரிசை எண் மூன்று. பகுதி, தரமணி.
பெயர், பரிசோதனை பரிசோதனை.
முதல் ராத்திரி சும்மா தட்டிப் பார்த்தது நான்தான்.
கககக என்று அடித்தது இருந்தது.
அதற்கு முன் ஆறு நொடி
அடித்து, படித்து, அழித்த ஒன்று
அதுவும் இருந்தது.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

“எந்த இடத்துல விட்டுட்டுப் போறாங்கன்னு
பார்க்கலாமே, இருக்கட்டும்.”
ரொசாரியோவிடம் சண்டை போடவில்லை.
பதினோரு வரியையும் எடுத்தேன்.
இனி வரைவு அவரவர் ஃபோனிலேயே கிடக்கும்,
பக்கத்தை மூடினால் போய்விடும்,
அந்த ஃபோனை வேறு கையும் எடுக்கக்கூடும் அல்லவா.
பொத்தானை அமுக்கும்வரை
ஓர் எழுத்தும் என்னிடம் வராது.

பிறகு டேபிள். பேக்கப். பேக்கப்புக்கு பேக்கப்.
மூன்றாம் எண் லேசாகப் போனது.
மாதவரத்தில்தான் விரல் நின்றது.
அவள் சொல்ல வந்ததற்கு
உலகத்தில் இருந்த ஒரே சாட்சி
அந்த அரை வார்த்தை.
அழிப்பது காப்பதா, கைவிடுவதா
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
அழித்தேன்.

படிவம் போனதும் பச்சையில் ஒரு வாக்கியம் வரும்:
‘உங்கள் விவரம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது.’
பத்திரமாக என்பதை எடுத்தேன்.
திரும்பப் போட்டேன்.
அம்மா ஊருக்குப் போகும்போது சொல்கிற சொல் அது,
எடுத்தேன்.

போகிறபோக்கில்
‘வரக் காரணம்’ பக்கத்தில் இருந்த
சிவப்பு நட்சத்திரத்தையும்.
எழுதாமலும் வரலாம் இப்போது.
ரொசாரியோ இன்னும் கவனிக்கவில்லை.