தோட்டத்துக்குப் பதிலாக

ஜமாஅத் ஆபீஸ் தோல்பைக் கடைக்கு மேலே.
இரும்பு ஏணியில் நான் ஏறினால்
பசை வாசனையும் கூடவே ஏறி வந்து
எனக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது.

தொண்ணூறடி ரோட்டில் மழை.
ஜூலை மாதத்துத் தாராவியில்
எதையும் இரண்டு முறை சொல்லவேண்டும்,
தகரக் கூரை அப்படி.
"என்ன வேணும்?"
"குலா."
"என்னது?"
"குலா" என்றேன், கூரையைவிடச் சத்தமாக.
கீழே தையல் மெஷின்கள் நின்றுவிட்டாற்போல் இருந்தது.
நிற்கவில்லை. அவை எதற்கும் நிற்பதில்லை.

"அடிச்சாரா?" இல்லை.
"குடியா?" இல்லை.
"வேற ஏதும் தொடுப்பா?" இல்லை.
"பொறவு என்ன கொறை?"

குறையே சொல்லமுடியாத ஒருவரோடு
பதினோரு வருஷம் ஒரே அறையில்
மூச்சை எண்ணி எண்ணி விட்டதை
எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

மதீனாவிலும் ஒருத்தி இப்படித்தான் வந்து நின்றாளாம்.
அவர் தீனில் பழுதில்லை, குணத்தில் பழுதில்லை,
எனக்குத்தான் முடியவில்லை என்று.
மஹராக வந்த தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாள்,
பேரீச்சை மரங்களோடு,
அவற்றின் நிழலோடு.
கதவு திறந்தது.

எனக்கு ஏது தோட்டம்?
பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதுவும் வாடகை.

தப்தரைப் புரட்டினார்கள்.
பெண்: செய்யதலி பாத்திமா.
மஹர்: மூன்று பவுன். பின்னர் தரப்படும்.
அந்தப் பின்னர் இன்னும் வந்து சேரவில்லை.
என் வாப்பா வயலை விற்று எண்ணிக் கொடுத்த கைக்கூலி
எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஆக, வராததை நான் திருப்பித் தரவேண்டும்;
கொடுத்ததைக் கேட்க வழியில்லை.

குலாவுக்கு எப்படி எழுதுவதென்று பார்க்க
பழைய தப்தர்களையும் பரணிலிருந்து இறக்கினார்கள்.
செல்லரித்த ஓரம். அரபுத்தமிழ்.
அலிஃபும் பேயும் போட்ட எழுத்துக்குள்ளே
எங்கள் திருநெல்வேலிப் பேச்சு.
நாலு பேரில் ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை.
மேலப்பாளையம் நிஸ்வான் மதரஸாவில் ஓதிய எனக்கு வந்தது.

கப்பல் வேலைக்குப் போகும் மாப்பிள்ளை
ஆறு மாதம் செலவுக்கு அனுப்பாமல் இருந்தாலோ,
இவளைக் கேளாமல் இன்னொரு நிக்காஹ் முடித்தாலோ,
கை ஓங்கினாலோ,
தலாக்கின் அதிகாரம் இவள் கையில்.
சாட்சி இருவர். மாப்பிள்ளையின் கைநாட்டு.
பெண்: மீராக்கனி.

அடுத்த பக்கத்திலும் ஒருத்தி. அதற்கடுத்தும்.
ஒருத்தி மாமியாரோடு ஒரே அடுப்பில் சமைக்கமாட்டேன்
என்றுகூட எழுதி வாங்கியிருந்தாள்.
பிறகு ஏதோ ஒரு வருஷத்தில்
அச்சடித்த படிவம் வந்திருக்கிறது.
பெயர், தகப்பன் பெயர், மஹர், தேதி.
நிபந்தனைக்குக் கோடு இல்லை.
யாரும் தட்டிப் பறித்ததாகத் தெரியவில்லை.
அச்சகத்தில் இடம் விடவில்லை, அவ்வளவுதான்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார்.
"பழசு கிடக்கட்டும்மா. உதுமான் கீழே நின்னு அழுவுறாரு.
மனசை மாத்திக்க."
"இது கட்டளையா, சிபாரிசா?"
"சிபாரிசுதான்."
"அப்படின்னா வேண்டாம்."

இந்தக் கேள்வியும் என்னுடையது அல்ல.
விடுதலையான ஓர் அடிமைப் பெண் கேட்டது.
அவள் புருஷனும் தெருத்தெருவாக அழுதுகொண்டு
பின்னால் நடந்தானாம்.
அவன் கண்ணீருக்காக அவளை யாரும் கட்டிப்போடவில்லை.

அவர் ஏறி வந்தார். பேனாவை வாங்கினார்.
எங்கே என்று மட்டும் கேட்டார்.
விட்டுக்கொடுத்தது: மூன்று பவுன்,
நான் ஒரு நாளும் கழுத்தில் பார்க்காதது.
மோதினார் காலண்டரைத் திருப்பி
இத்தாவுக்கு நாள் எண்ணத் தொடங்கினார்.

அந்த அச்சுப் படிவத்தில்
என் பெயருக்குக் கீழே ஓரமாக ஓர் இடைவெளி இருந்தது.
யாரும் பார்க்காதபோது
அதில் ஒரு கோடு போட்டேன்.
எதுவும் எழுதவில்லை.

கீழே இறங்கினால் முழங்கால் தண்ணீர்.
குடையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.
அவருடையதுதான்.
நாளைக்கே ஆள்விட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.