மீதமுள்ள எழுத்துகள்

ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவோம் என்கிறது தளம்.
இப்போது மூன்றே முக்கால்.
மார்க்கம் வீதியில் பனி அள்ளும் வண்டி
இரண்டாம் தடவை போகிறது.
ஸ்காபரோவில், சாப்பாட்டுக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில்,
கீழிருந்து ஏறிவரும் கொத்துரொட்டித் தட்டலுக்கு நடுவே
ஏழாம் கேள்வியில் நிற்கிறேன்:
உங்கள் சமூகத்து இளையோரின் மனநலத் தேவையை விவரிக்கவும்.
இடைவெளி உட்பட ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகள்.

இடைவெளி உட்பட.
அந்த இடைவெளியைத்தானே விவரிக்க வேண்டும் என்று
முதல் வரியை எழுதி, அழித்தேன்.

போன வருடத்து மறுப்பைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.
"உருக்கமான விண்ணப்பம். சான்று போதவில்லை."
அதற்கு முந்தைய வருடம்
சான்று இருந்ததாம், புதுமை போதவில்லையாம்.
கேதாரன் கீழே பென்சிலால் எழுதிவைத்தான்:
கலியாணத் தரகர் தோற்றார்.

சான்று என்றால்,
நவம்பரில் ஒரு மருத்துவ அறை.
பதினாறு வயது. அனுசிகா என்று வைத்துக்கொள்ளுங்கள்,
உண்மைப் பெயர் படிவத்துக்குள் வரக்கூடாது.
மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார்:
கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள்
உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியது?
அவளும் ஆங்கிலத்தில் ஒரு எண் சொல்கிறாள்.
பக்கத்துக் கதிரையில் அம்மா,
இரவு வேலைச் சீருடை இன்னும் கழற்றவில்லை.
"என்னவாம், பிள்ளை?"
"நேரத்துக்குச் சாப்பிடட்டாம், அம்மா."

அந்த அறையில் வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை.

அன்று பகல் அம்மா படுக்கவில்லை.
இடியப்பம் அவித்து, சொதி வைத்து,
பள்ளிப் பைக்குள் ஒன்றுக்கு இரண்டு சாப்பாட்டுப் பெட்டி.
மருத்துவர் சொன்னதை
ஒரு சொல் விடாமல் செய்தாள்.

இதை எழுதினேன். அறுநூறு எழுத்து கூடிவிட்டது.
வெட்டினேன்.
முதலில் கதிரை, பிறகு சீருடை.
சொதியை வெட்டக் கொஞ்சநேரம் பிடித்தது.
கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு
"மொழித்தடை" என்று போட்டேன்.
பொருந்தியது. மிச்சமும் இருந்தது.

எட்டு: பண்பாட்டுக்கு இசைவாக எப்படி நடத்துவீர்கள்?
விசர் என்ற சொல்லைப் பற்றி எழுதினேன்.
வீட்டுக்குள் அதை எவ்வளவு இலேசாக எறிகிறார்கள்,
ஏந்தத் தெரியாத பிள்ளைக்கு அது எங்கே படுகிறது.
சொல்லைத் தமிழிலேயே ஒட்டினேன்.
மூன்றெழுத்துச் சொல்
ஐந்து கேள்விக்குறியாக வந்து நின்றது.
ஐந்தையும் என் கணக்கில் கழித்தார்கள்.

ஒன்பது: செலவு. உணவுக்கு நிதி இல்லை.
புதன்கிழமைப் பிள்ளைகள்
பேசுவதற்கென்று வந்தவர்கள் இல்லை.
கைபேசியைக் கூடையில் போட்டபின்
சோறு வேகும் இருபது நிமிடத்துக்குக்
கைக்கு வேலையில்லை. அதனால் பேசுகிறார்கள்.
முதலில் பரீட்சை, பிறகு அப்பா,
மூடி திறக்கிற நேரத்தில்தான் மற்றது.
நாற்பது இறாத்தல் சம்பாவை
"ஈடுபாட்டுப் பொருட்கள்" என்று எழுதினேன்.
பொய் என்று சொல்ல முடியாது.

பத்து: எத்தனை பேர் பயனடைவர்?
முப்பத்தாறு.
தாய்மாரைச் சேர்க்க அங்கே கட்டம் இல்லை.
மாதம் எட்டு மணிநேரம் ஒரு மொழிபெயர்ப்பாளர்,
சம்பளத்தோடு, யாருடைய மகளும் அல்லாத ஒருவர்
என்று எழுதிவிட்டு
கடைசி ஆறு சொல்லைத் தட்டி எடுத்தேன்.

நாலு ஐம்பத்திரண்டு.
"அனுப்பு" என்பதை அழுத்தினேன்.
திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

வாசலில் சப்பாத்துப் பனியை உதறும் சத்தம்.
இன்று புதன் என்பதே மறந்துபோயிற்று.
தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறாள்,
என் படிவத்தில் பெயரில்லாதவள்.
கையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டி.
"அக்கா, அடுத்த புதனும் இருக்குமா?"

கேதாரன் திரையைப் பார்க்கிறான், பிறகு என்னை.
"ஓம்" என்றேன்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.