முப்பதுக்கு ஒன்று

முதலில் ஆற்றை வைத்தேன்.
கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய நீல ரெக்சினை
வளைத்து வளைத்து வெட்டி
சாப்பாட்டு மேசையின் குறுக்கே போட்டபோது
அது மித்தி ஆறு மாதிரியே திரும்பியது,
குர்லாவில் திரும்புமே, அந்த முரட்டுத் திருப்பம்.
ஐரோப்பாவை நான் பார்த்ததில்லை.
அதனால் மேடு ஆன்டாப் ஹில்,
சதுப்பு வடாலா உப்பளம்.
ஊருக்குப் பெயர் மட்டும் ஓபர்-லிண்டாக்.
அப்படி ஓர் ஊர் இல்லையென்று
இரண்டு அட்லஸில் தேடி உறுதிசெய்துகொண்டேன்.

எதற்கு இந்தச் சண்டை என்று கேட்டான் எட்வின்,
மூன்று மயிர் மிஞ்சிய தூரிகையால்
வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குப் பொத்தான் வைத்தபடி.
நியாயமான கேள்வி.
சக்கரவர்த்திகளுக்குக் காரணம் தேவையில்லை,
ஆட்டத்துக்குத் தேவை.
பள்ளிக்கூடத்து இலக்கணம் கைகொடுத்தது:
வெட்சி.
ரொட்டி வண்டி இழுக்கும் நாற்பது எருதுகள்
ஆற்றுக்கு இந்தப் பக்கம்.
பசித்த நீலச் சட்டைகள் அந்தப் பக்கம்.
மாட்டில் தொடங்கினால் தும்பையில் வந்து நிற்கும் தானாக.
பரணி பாடத்தான் வழியில்லை,
எங்கள் பெட்டியில் யானை கிடையாது.

துணைப்படை எப்போது வரும் என்பது
என் பிழைப்போடு சேர்ந்த விஷயம்.
பகலெல்லாம் சி.எஸ்.எம்.டி.யில், மூன்றாம் மாடியில்,
ரயில்களுக்குக் கால அட்டவணை போடுகிறேன்.
கசாரா லோக்கலைப் பகடை உருட்டி அனுப்ப
அங்கே விடமாட்டார்கள்.
இங்கே விடலாம்.
ஐந்தாம் சுற்றிலிருந்து ஒரு பகடை;
ஐந்தோ ஆறோ விழுந்தால்
உப்பளத்தின் ஓரம் குதிரைகள்.
மழையென்றால் ஆறு மட்டும்.
ஜூலை மாதம், மழையையும் சேர்த்துவிட்டேன்.

ஏழு முறை ஆடிப் பார்த்தோம், ஏழிலும் நீலம்.
ஹோஷங் பாலத்தைப் பிடித்து
மேட்டில் நான்கு பீரங்கி ஏற்றி
காரியத்தை முடித்துவிட்டு
பெரின் கட்டிக்கொடுத்த தன்சாக் டப்பாவைத் திறப்பான்.
பாலத்தை மேற்கே நகர்த்தினேன்,
இரண்டே அங்குலம்.
எட்டாவது ஆட்டத்தில் வெள்ளைச் சட்டைகள்
இருட்டும்வரை நின்றார்கள்.

சுத்தப்பிரதி எடுக்கும்போதுதான் இடறியது.
ஒரு பொம்மை, முப்பது பேர்.
இருபத்தொன்பது பேர் விழுந்தாலும்
பொம்மை விழாது.
சுற்று முடிந்ததும் மீதியைத் துடைத்துவிடவும் –
நாலாம் பக்கத்தில் நான்தான் எழுதியிருக்கிறேன்,
கணக்கு சுலபமாக இருக்கட்டுமென்று.
பழைய தாள்களை எடுத்துக் கூட்டினேன்.
எட்டு ஆட்டத்தில்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு பேர்
செத்த பிறகும் அடுத்த சுற்றில்
தோளில் துப்பாக்கியோடு நின்றிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் இன்னொரு பட்டியல் வரும் மாதாமாதம்,
தண்டவாளத்தில் கிடந்தவர்கள்.
அதில் வகுத்தல் கிடையாது.
ஆண், வயது சுமார் முப்பது,
நீலச் சட்டை, பெயர் தெரியவில்லை.
அடுத்த வரியில் அடுத்தவர்.

மீதியையும் சுமந்தால் ஆட்டம் ஒரு மணி நேரம் இழுக்கும்,
எட்வினுக்குக் கல்யாண் போகும் கடைசி வண்டி தவறிவிடும்
என்றான் ஹோஷங்.
அதுவும் சரிதான்.
ஆனாலும் நாலாம் பக்கத்தை அடித்துவிட்டு எழுதினேன்:
விழுந்தவர் ஒவ்வொருவருக்கும்
பொம்மையின் காலடியில் ஒரு துவரம்பருப்பு.

சனிக்கிழமை, ஒன்பதாவது ஆட்டம்.
பாலத்தருகே சண்டை முற்றிய நேரம்
ஹோஷங்கின் முழங்கை பட்டு
கிண்ணம் கவிழ்ந்ததுபோல் தரையெங்கும் பருப்பு.
மூவரும் மேசைக்கடியில், மண்டியிட்டு,
கைபேசி வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டிருந்தோம்.
மாட்டுங்காவைத் தாண்டிக் கடைசி லோக்கல்
ஊதிக்கொண்டு போனது.
நாற்காலிக் காலுக்குப் பின்னால் இன்னும் ஒன்று.
விரல்நுனியில் ஒட்டி எடுத்து
விளக்கருகே பிடித்தான் எட்வின்.
இது எந்தப் பக்கத்து ஆள் என்றான்.